அழுங்கு அங்கப்பன் கரை மாறிய கதை

ஒரு காட்டில் என்று தொடங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். அதனால் இரண்டு காடுகளில் என்று தொடங்குகிறேன்.

நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு மேற்கே மேலைக்காடு. அதை ஒரு சிங்கம் ஆண்டது. கிழக்கே கீழைக்காடு. அதை ஒரு புலி ஆண்டது. இரண்டிலும் மரங்கள் இருந்தன, மழை பெய்தது, பலசாலிகள் இளைத்தவர்களைச் சாப்பிட்டார்கள். மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

ஆனால் வித்தியாசம் சொல்வதற்கென்றே ஒரு நாரை இருந்தது.

ஆற்றின் நடுவில் இருந்த பாறைதான் அதன் மேடை. காலையில் மேற்கே பார்த்து நின்று, மேலைக்காட்டுக்காரர்களுக்குக் கீழைக்காட்டின் பெருமையைச் சொல்லும். வெயில் சாய்ந்ததும் திரும்பி நின்று, கீழைக்காட்டுக்காரர்களுக்கு மேலைக்காட்டின் பெருமையைச் சொல்லும். பொருளாதாரம், வாழ்க்கைத் தரம், சுற்றுலாக் கவர்ச்சி என்று மூன்று தலைப்பு வைத்திருந்தது. தலைக்கு எத்தனை எறும்பு, குடும்பத்துக்கு எவ்வளவு நிழல், மழைக்காலத்தில் எத்தனை மயில் ஆடுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லும். நாரை பொய் சொல்வதில்லை. ஒரு காட்டின் வசந்தத்தை இன்னொரு காட்டின் கோடையோடு ஒப்பிடும், அவ்வளவுதான்.

முதலில் அது நல்ல எண்ணத்தோடு அந்தந்தக் கரையில் அந்தந்தக் காட்டையே புகழ்ந்து பார்த்தது. "அதுதான் எங்களுக்கே தெரியுமே" என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எதிர்க்கரையைப் புகழ்ந்தபோதுதான் கூட்டம் நின்றது. வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றது. கூட்டம் கரையோரத் தண்ணீரைக் கலக்கினால் மீன்கள் எல்லாம் பாறைப் பக்கம் ஒதுங்கும். நாரைக்கு அதுதான் பொருளாதாரம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் தவறாமல் முன்வரிசையில் நின்றவன் அங்கப்பன். அவன் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், வாய் கொள்ளாத நீள நாக்கு, எறும்பும் கறையானும் சாப்பாடு. பயம் வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வான். மேலைக்காட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தான். மனைவி செவந்தியின் அப்பா ஒரு பெரிய கறையான் புற்றுக்கு அடியில் வளை தோண்டி, மகளுக்குச் சீராகக் கொடுத்திருந்தார். அதில்தான் குடியிருப்பு. வாசலிலேயே சாப்பாடு, உள்ளே குளுகுளுவென்று மண்.

இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய் நாரை பேசுவதைக் கேட்டுவிட்டு, அங்கப்பன் தூங்க வருவான். வந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"செவந்தி, சேதி தெரியுமா? கீழைக்காட்டுல தலைக்கு நம்மளவிட மூணு பங்கு எறும்பாம்."

"இருந்துட்டுப் போகுதுங்க. வந்து படுங்க."

"இங்கென்ன இருக்குது? நேத்தும் கறையான், இன்னைக்கும் கறையான். உங்கப்பாரு எடம் பாத்தாரே, ஒரு நல்ல எடமாப் பாத்தாரா? ஒரு காத்து வருதா? வாசல்ல நின்னா பாக்கறதுக்கு ஒரு காட்சி இருக்குதா?"

"மண்ணுக்கடியில இருக்கற வளைக்குக் காட்சி எங்கிருந்துங்க வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். சுற்றுலாக் கவர்ச்சியே இல்லை."

செவந்தி வாலின் அடியில் தொற்றிக்கொண்டு தூங்கும் குட்டியை அணைத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் வளையைக் குறை சொல்லாமல் அவன் ஒரு வாய் கறையான் தின்றதில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளை வெவரமானவரு, நாலு எடம் தெரிஞ்சவரு" என்று மகளிடமும் சொல்லுவார். அங்கப்பன் அதுவரை ஆற்றைத் தாண்டிப் போனதே இல்லை.

பெரியவர் இறந்து ஒரு வருஷம் ஆனது. திவசத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தார்கள். செவந்தியின் தங்கை பொன்னாத்தா குடும்பத்தோடு வந்திருந்தாள். "அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்" என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

அங்கப்பன் ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான். "கீழைக்காட்டுல பொறந்திருந்தா இருந்திருப்பாரு. அங்க ஆயுசு சராசரி நம்மளவிட அதிகம்."

மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

செவந்தி எழுந்தாள். குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டாள். "கெளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"கீழைக்காட்டுக்குத்தான். போயி இருந்தே பாத்தர்லாம்."

அங்கப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் இத்தனை நாளும் அந்தக் காட்டைப் பற்றிப் பேசத்தான் ஆசைப்பட்டிருக்கிறான், அங்கே போவது பற்றி யோசித்ததே இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுக்கென்ன, போலாம்" என்றான்.

*

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. இரண்டு காடுகளுக்கும் பொதுவான எல்லைச் சாவடி அது. அதிகாரி ஒரு முதலை. மேற்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வரிசை, கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வரிசை. முதலை வெயிலில் வாயைத் திறந்தபடி அசையாமல் படுத்திருந்தது. வாய் திறந்திருந்ததால் ஏதோ சொல்லப்போகிறது என்று இரண்டு வரிசையும் மரியாதையாகக் காத்திருந்தன.

அப்போது எதிர்வரிசையில் அங்கப்பன் ஒருவனைப் பார்த்தான். அவனும் அழுங்கு. பக்கத்தில் மனைவி. அவன்தான் முதலில் பேச்சுக் கொடுத்தான்.

"அண்ணாச்சி கீழைக்காட்டுக்கா போறீய? என் பேரு பலவேசம். இது என் வீட்டுக்காரி பேச்சியம்மா. நாங்க மேலைக்காட்டுக்குக் குடி போறோம்."

இரண்டு அழுங்குகளும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்றேனேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று அங்கப்பன் குரலைத் தாழ்த்தினான். "எங்க காட்டுல ஒண்ணுமில்லீங்க. வெறும் கறையான். சப்புன்னு இருக்கும். பக்கத்து வளைக்காரன் செத்துக் கெடந்தாலும் எட்டிப் பாக்கமாட்டான்."

பலவேசம் சிரித்தான். "தன்னடக்கம் வே ஒமக்கு. 'எளிதில் செரிக்கும் உணவு, தலையீடு இல்லாத அமைதியான அக்கம்பக்கம்'னு நாரை வெளக்கமாச் சொல்லுதே. எங்க காட்டப் பத்தி நான் சொல்லுதேன், கேளும். மரத்துக்கு மரம் முசுறு எறும்பு. நாக்குல வச்சா உசிரு போயிட்டு வரும். அக்கம்பக்கத்து ஆளுவ ஒரு நாள்கூட ஒம்ம வீட்டுக்குள்ள வராம இருக்கமாட்டாவ."

"'காரசாரமான உணவுப் பண்பாடு, நெருக்கமான சமூக உறவு'" என்று அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். நாரையின் வாசகங்கள் அவனுக்கு மனப்பாடம்.

"நான் அங்கயே பொறந்து வளந்தவன்வே! நான் சொல்லுததை நம்பும்."

"பொறந்து வளந்தவங்களுக்கு என்னங்க தெரியும்? பழகிப்போயிருக்கும். தூரத்துல நின்னு பாக்கற நாரைக்குத்தான் நெசம் தெரியும்."

பலவேசம் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்றான். அந்த ஒரு கருத்தில் இருவரும் முழுமையாக ஒத்துப்போனார்கள்.

ஆண்கள் இப்படி உலகத்தை அளந்துகொண்டிருந்தபோது பெண்கள் காரியத்தைப் பேசினார்கள்.

"ஏ தங்கச்சி, அங்க போயி எங்க தங்குவிய?" என்றாள் பேச்சியம்மா. "எங்க வளை சும்மாதான் கெடக்கு. பெரிய இலுப்பை மரத்தடி. அதுல இருந்துக்கிடுங்க."

"அப்ப எங்க வளையில நீங்க இருந்துக்கங்க அக்கா. எங்கப்பாரு தோண்டினது." என்றாள் செவந்தி. "செவத்துல மட்டும் எதையும் பூசி மெழுகிராதீங்க. அவரு நகத்தடம் அப்படியே இருக்குது."

பேச்சியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒரு தடம் அழியாதுட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

வெயில் தாழ்ந்தபிறகு முதலை வாயை மூடியது. விசாரணை தொடங்கியது.

"சுத்திப் பாக்கவா, குடியிருக்கவா?"

"குடியிருக்கத்தானுங்க" என்றான் அங்கப்பன்.

"திரும்பி வருவீங்களா?"

"எதுக்குங்க வரோணும்?"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று சொன்ன முதலையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முதலைக் கண்ணீர்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

கீழைக்காட்டில் முதல் சாப்பாடு அங்கப்பனுக்கு மறக்க முடியாததாக அமைந்தது. இலுப்பை மரத்தில் முசுறுகள் இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. "பாரு செவந்தி, தோரணம் கட்டி வரவேற்கறாங்க" என்று சொல்லி, ஒரு கூட்டுக்குள் நாக்கை முழுவதுமாக விட்டான். விட்ட நாக்கை எடுக்க முடியவில்லை. நாக்கோடு வந்த முசுறுகள் நாக்கைவிட்டுப் போக மறுத்தன. அவன் பந்தாகச் சுருண்டான். ஆனால் சுருண்டபோது நாக்கும் முசுறும் உள்ளே போய்விட்டதால், பந்துக்குள்ளிருந்து ஊளைச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊரே வந்துவிட்டது. முன்னால் வந்தவள் ஓர் உடும்பு. அழைக்காமலே வளைக்குள் தலையை விட்டு, குட்டியை முகர்ந்து, செவந்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேலைக்காட்டுக்காரியா நீ? நான் பக்கத்து மரம். மதினின்னு கூப்பிடு. முசுறை எடுத்த எடுப்புலயா திம்பாவ? கூட்டைக் கீழ தட்டி, காலால நசுக்கிட்டுல்லா திங்கணும்! போ, தேன்கூடு எங்கயாவது இருந்தா பிச்சுட்டு வா. நாக்குல தடவணும்."

அங்கப்பனின் நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டது. பல நாட்கள் அவனால் பேச முடியவில்லை. அந்த நாட்கள் செவந்திக்குச் சங்கடமாகத்தான் இருந்தன. உடும்பு மதினி காலையில் வருவாள், மாலையில் வருவாள், நடுவில் தூங்கும்போதும் வருவாள். "என்ன தின்ன? ஏன் இளைச்சிருக்க? புருசன் ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கான்?" என்று கேட்பாள். மேலைக்காட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. செவந்தி முதலில் எரிச்சல்பட்டாள். பிறகு, மதினி வர நேரமானால் வாசலுக்கு வந்து பார்க்க ஆரம்பித்தாள். அப்பா செத்த நாளிலிருந்து அவளிடம் ஏன் இளைத்தாய் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

ஒருநாள் வீக்கம் வடிந்தது. அங்கப்பன் நாக்கை நீட்டி மடக்கிப் பார்த்தான். செவந்தி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். இனிக் காதை மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"செவந்தி" என்றான் அவன்.

"ம்."

"உங்கப்பாரு புத்துக் கறையான் எப்படி இருக்கும் தெரியுமா? வெண்ணெயாட்டம். வாயில போட்டதே தெரியாது. தானா வழுக்கிட்டு உள்ள போயிரும்."

செவந்தி எங்கோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

"அந்த வளை இருக்குதே, கோடையில எத்தனை குளுமை! இங்க மழை பேஞ்சா வேர் வழியாத் தண்ணி வந்து முதுகை நனைக்குது. அவரு அதையெல்லாம் யோசிச்சுத்தான் மேட்டுல தோண்டியிருக்காரு. பெரியவரு பெரியவருதான்."

அன்று தொடங்கியது. தினமும் படுக்கப்போகும்போது அவன் மாமனாரைப் புகழ்ந்தான். வாசலின் அகலத்தைப் புகழ்ந்தான். மண்ணின் வாசத்தைப் புகழ்ந்தான். கூப்பிடாமல் எட்டிப் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் பண்பைப் புகழ்ந்தான். செவந்தி குட்டியை அணைத்தபடி, இப்போது அவன் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் பொன்னாத்தா ஒரு மீன்கொத்தியிடம் சேதி சொல்லி அனுப்பினாள். "அக்கா, அங்க எப்படி இருக்குது? நெசத்தைச் சொல்லோணும். எங்கூட்டுக்காரரும் அங்க வரோணும்னு குதிக்கறாரு."

"வராதீங்கன்னு சொல்லிவிடு" என்றான் அங்கப்பன். "நாமளே திரும்பி வந்தர்றோம்னு சொல்லு. நாக்கும் போச்சு, முதுகும் போச்சு."

செவந்தி மீன்கொத்தியைத் தனியாக மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். "உங்கக்கா ரொம்ப நல்லா இருக்குறா, சொர்க்கத்துல இருக்குறாப்பல இருக்குதுன்னு சொல்லு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே அப்போது விளக்கத் தெரிந்திருக்காது. அது பொய்யும் இல்லை.

மேற்கே போயிருந்த பலவேசமும் தன் ஊருக்கு அதே சேதியைத்தான் அனுப்பினான். கறையான் சப்பென்று இருந்தது, பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் ஊரைக் கூட்டி வழியனுப்பு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன், இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவான்? "மேலைக்காடுன்னா மேலைக்காடுதான் வே" என்று சொல்லி அனுப்பினான்.

அவ்வளவுதான். இரண்டு கரையிலும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். நாரை சொன்னதைக் கூட முன்பு சிலர் சந்தேகப்பட்டிருந்தார்கள். போனவர்களே சொல்லும்போது எப்படிச் சந்தேகப்படுவது? பொன்னாத்தா குடும்பம் வந்தது. மான்கள் வந்தன, முயல்கள் வந்தன. எதிர்ப்பக்கம் அதே அளவு மான்களும் முயல்களும் போயின. மணல்திட்டில் முதலைக்கு வாயைத் திறந்து படுக்க நேரமில்லாமல் போயிற்று.

மேலைக்காட்டில் சிங்கராஜா கவலைப்பட்டு நரி மந்திரியைக் கூப்பிட்டது.

"குடிகள் எல்லாம் போறாங்களாமே?"

"அதே அளவு வர்றாங்க மகாராஜா."

"அப்ப லாபமா, நட்டமா?"

"வளர்ச்சி மகாராஜா."

"எதுல?"

"போக்குவரத்துல."

சிங்கம் நிம்மதியாக ஒரு முறை கர்ஜித்தது. அந்தக் கர்ஜனையைக் கேட்டால் பழைய குடிகள் நடுங்கி ஒளிவார்கள். புதிதாக வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னவாம் அவுகளுக்கு? வயிறு சரியில்லையோ?" என்று ஒரு கீழைக்காட்டு முயல் அக்கறையோடு விசாரித்தது. சிங்கம் அதன்பிறகு சில நாட்கள் குகையைவிட்டு வெளியே வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பாதிக்கு மேல் கரை மாறிவிட்டார்கள். நாரை வழக்கம்போல எதிர்க்கரையைப் புகழ்ந்தது. இப்போது எதிர்க்கரை என்பது கேட்பவர்களின் பிறந்த ஊர். கூட்டம் முன்பு வாயைப் பிளந்து கேட்டது. இப்போது அழுதுகொண்டே கேட்டது. அழுகிறவர்கள் இன்னும் ஆழமாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். நாரைக்குக் கழுத்தில் சதை வைத்தது.

*

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு பருவத்தில் அங்கப்பன் சொன்னான். "செவந்தி, ஒரு எட்டுப் போயி நம்ம வளையைப் பாத்துட்டு வரலாமா? பாக்காம ஒரு மாதிரியா இருக்குது."

செவந்தி அப்போதே குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டாள். "போலாமுங்க" என்றாள்.

முதலை அவர்களை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் அதிகாரியாகையால் காட்டிக்கொள்ளவில்லை. "சுத்திப் பாக்கவா, குடியிருக்கவா?" என்று கேட்டது. பிறந்த ஊருக்குப் போகவே "சுத்திப் பாக்கத்தானுங்க" என்று அங்கப்பன் சொல்ல வேண்டியிருந்தது.

பலவேசமும் பேச்சியம்மாவும் வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். மேலைக்காட்டில் வீட்டுக்கு ஆள் வந்து வெகுகாலமாகியிருந்ததால் பலவேசத்துக்குப் பேச்சு பொங்கி வந்தது. "வாரும் அண்ணாச்சி! மொதல்ல சாப்பிடும். எல்லாம் ஒம்ம புத்துதான்" என்று புற்றை ஒரு பக்கம் பிளந்து வைத்தான்.

அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினான். இத்தனை மாதம் கனவில் கண்ட கறையான். மென்றான், விழுங்கினான். சப்பென்று இருந்தது. அவனுடைய நாக்கு முசுறுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு காரம் இல்லை, ஒரு புளிப்பு இல்லை. மறுபடியும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். கண்கள் கலங்கின.

"எப்படி அண்ணாச்சி?"

"வெண்ணெயாட்டம்" என்றான் அங்கப்பன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

செவந்தி அதற்குள் வளைக்குள் போயிருந்தாள். பேச்சியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். சுவரில் அப்பாவின் நகத்தடங்கள் அப்படியே இருந்தன. மண் இறுகிய இடத்தில் ஆழமாக, மிருதுவான இடத்தில் லேசாக. ஓரிடத்தில் பாறை குறுக்கிட்டிருக்கிறது. அதைச் சுற்றி எத்தனையோ முறை கீறிப் பார்த்துவிட்டு, வளைத்துத் தோண்டியிருக்கிறார். செவந்தி தன் நகத்தை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். குட்டியும் வாலிலிருந்து இறங்கி வந்து, ஏன் எதற்கென்று தெரியாமல் தன் நகத்தை வைத்தது.

பேச்சியம்மா பின்னால் வந்து நின்றாள். மெதுவாகக் கேட்டாள். "எங்க வளை எப்படி இருக்கு தங்கச்சி?"

செவந்தி இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல விரும்பவில்லை. "மழை பேஞ்சா தண்ணி வருதுங்க அக்கா. ஆனா இலுப்பை பூத்துருக்குது. வாசலெல்லாம் பூவாக் கெடக்குது. குட்டி அதுல உருண்டுட்டே இருக்குறா."

"பூத்துட்டா?" என்றாள் பேச்சியம்மா. அவ்வளவுதான் கேட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செவந்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே இரண்டு ஆண்களும் இரகசியமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெண்கள் வெளியே வந்ததும் அங்கப்பன் அறிவித்தான்.

"செவந்தி, நாம இங்கயே வந்தர்லாம். பலவேசமும் அவங்க ஊருக்கே போயர்றேங்கறாரு. எதுக்கு இந்த வீறாப்பு? பொறந்த எடம் பொறந்த எடந்தான்."

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். செவந்திக்கும் சந்தோஷம்தான். சரி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அங்கப்பன் எழுந்து, வளையின் வாசலை இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான். தலையைச் சாய்த்தான்.

"வந்ததும் இந்த வாசலை மொதல்ல கெழக்கால திருப்பி வெக்கோணும். உங்கப்பாரு அதைக் கவனிக்காம உட்டுட்டாரு. கீழைக்காட்டுல பாத்தியா, ஒவ்வொரு வாசலும் எத்தனை அம்சமா இருக்குது! அங்க அக்கம்பக்கத்துல ஒரு பாசம், ஒரு பேச்சு. இங்க பாரு, வந்து எத்தனை நேரமாச்சு, ஒரு நாதி எட்டிப் பாக்குதா? சாப்பாடும் அப்படித்தான். ஒரு உப்பு ஒறப்பு..."

பக்கத்தில் பலவேசமும் பேச்சியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஊருக்குப் போனா இந்த அமைதி கெடைக்காதுட்டி. அந்த உடும்பு வந்து உசிரை வாங்குவா. நம்ம ஊரு ஆளுவளுக்கு எங்க தெரியுது..."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாமுங்க" என்றாள் செவந்தி.

"என்ன வேண்டாம்?"

"இங்க வரவேண்டாம். நாம கீழைக்காட்டுலயே இருந்துக்கலாம்."

அங்கப்பன் திகைத்தான். "இது உங்கப்பன் ஊடு செவந்தி! நீதானே இதுக்காக ஏங்கிட்டு இருந்தே? நான் உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க." செவந்தி வாசலில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை, நிதானமாகவே பேசினாள். "கல்யாணமான நாள்ல இருந்து எங்கப்பாரு வளையில குடியிருந்தீங்க. ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கரைக்குப் போனதுக்குப் பொறவுதான் எங்கப்பாரு எப்பேர்ப்பட்டவருன்னு உங்க வாயில இருந்து கேக்கறேன். தெனமும் கேக்கறேன். நான் தூங்கறதே அதைக் கேட்டுட்டுத்தான். இங்க வந்து உக்காந்தா, அந்தப் பேச்சு போயிரும். இப்பவே போயிருச்சு பாருங்க."

அங்கப்பன் ஏதோ சொல்ல நாக்கை நீட்டினான். பிறகு அதை அப்படியே சுருட்டிக்கொண்டான்.

"இந்தாரும்" என்று பேச்சியம்மா தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நாமளும் இங்கயே இருப்போம். பூக்குத சமயத்துல போயி பாத்துட்டு வருவோம். நீரு இங்க இருக்கும்போதுதான் நம்ம ஊரை ஊருன்னு மதிக்கீரு."

அன்று மாலையே அங்கப்பன் குடும்பம் கிளம்பியது. பேச்சியம்மா ஓர் இலையில் புற்றுமண் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள். செவந்தி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். புற்று மறையும்வரை அங்கப்பன் உம்மென்று வந்தான். ஆற்றங்கரைச் சரிவில் இறங்கியதும் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது.

"என்ன இருந்தாலும் செவந்தி" என்று அவன் பெருமூச்சு விட்டான், "அந்த வாசலை வடக்கால வெச்சாரே, அங்கதான் அவரு மூளை. மத்தியான வெயில் ஒரு துளி உள்ள வருதா? அந்தப் பாறையைச் சுத்தி வளைச்சுத் தோண்டியிருக்காரு பாரு, இன்னொருத்தனா இருந்தா எடத்தையே மாத்தியிருப்பான்..."

"மெதுவா நடங்க" என்றாள் செவந்தி. "குட்டியும் கேக்கட்டும்."

நீதி: பிறந்த காட்டின் அருமை தெரிய வேண்டுமானால் அதைவிட்டுக் கிளம்ப வேண்டும், தெரிந்துவிட்ட பிறகு, திரும்பி வந்து அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.